ஒப்பாரி வைக்க அதிக உரிமை எந்த ஊர் ரசிகர்களுக்கு?

கிராமட் முனை (ஜோர்ஜ்டவுன்):

வணக்கம். சென்ற சனிக்கிழமை இரவு டத்தோ கிராமட் சாலைத் தேநீர்க்கடை ஒன்றில் நாங்கள் நால்வர் தொடங்கிய வாக்குவாதம், கடைக்காரர் நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் அடுக்க ஆரம்பித்த பின்னரும் ஓயவில்லை என்பதால் அதை இங்கே கொண்டு வருகிறேன். விளையாட்டு ரசிகர்களாகப் பிறந்து அதிகம் அடிபட்டவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? காற்பந்தோ, ஹாக்கியோ, பூப்பந்தோ, கிரிக்கெட்டோ, எதுவாக இருந்தாலும் சரி. ஒரே ஒரு நிபந்தனை: நாட்டைச் சொல்லாதீர்கள், ஊரைச் சொல்லுங்கள். நாடு தோற்றால் எல்லோரும் சேர்ந்து தலைகுனிகிறோம். ஊர் தோற்றால் மறுநாள் காலை வேலையிடத்தில் பக்கத்து ஊர்க்காரனின் முகத்தில் அல்லவா விழிக்க வேண்டியிருக்கிறது.

என் வாக்கு பினாங்குக்கு. சொந்த ஊர்ப் பாசம் என்று தள்ளிவிடாமல் காரணத்தையும் கேளுங்கள்.

என் தந்தைக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. பிறை ஊரின் துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்தவர். 1974ஆம் ஆண்டு மலேசியக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டத்திற்காகப் பட்டவர்த்தில் ரயில் ஏறிக் கோலாலம்பூர் போய், மெர்டேக்கா அரங்கில் தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு, திரும்பி வந்து அதே சட்டையோடு வேலைக்குப் போனதை இன்றும் நேற்று நடந்ததுபோல் சொல்வார். 1953, 1954, 1958 ஆகிய ஆண்டுகளுக்குப் பிறகு பினாங்கு அந்தக் கிண்ணத்தை வென்றது அப்போதுதான். ஐந்தாவது முறை இன்றுவரை வாய்க்கவில்லை. 1977இல் வாய்த்திருக்க வேண்டியது. கூடுதல் நேரம்வரை இழுத்துப் போய்ச் சிங்கப்பூரிடம் 2-3 என்று தோற்றோம். நான் பிறந்தது அதற்குப் பிறகு.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பண்டாராயா அரங்கின் சிமெண்டுப் படிகளில் இடம் பிடிக்க நாளிதழை விரித்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்களாம். தாள் விரித்த இடத்தில் இன்னொருவர் உட்கார்வது பெரும் மரியாதைக் குறைவு. அங்கே எழும் கூச்சலுக்கே கிராமட் முழக்கம் என்று நாடெங்கும் பெயர் இருந்தது. அப்பா இப்போதும் கையில் நாளிதழோடுதான் ஆட்டத்திற்கு வருகிறார். நிதானமாகத் தாள்களைப் பிரித்து, தமக்கு ஒன்றும் எனக்கு ஒன்றும் விரித்து, ஓரம் பறக்காமலிருக்கத் தண்ணீர்ப் போத்தலை வைக்கிறார். எங்களைச் சுற்றி இருக்கும் இடங்களை எண்ணினால், முன்னால் நான்கு வரிசையும் பின்னால் ஐந்து வரிசையும் காலி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2016 பிப்ரவரி 16ஆம் தேதி பஹாங்குக்கு எதிரான ஆட்டத்தில் முகமட் ஃபயிஸ் சுப்ரி உதைத்த ப்ரீகிக், ஒருபக்கமாகப் போய்க்கொண்டே இருந்து, கோல் காவலர் அந்தப் பக்கம் அடியெடுத்து வைத்த பிறகு காற்றிலேயே திசை மாறி வலைக்குள் விழுந்தது. அவ்வாண்டு உலகின் மிகச்சிறந்த கோல் என்று புஸ்காஸ் விருது அதற்குக் கிடைத்தது. நாங்கள் விடாமல் போகும் அரங்கம் அது. அன்று செவ்வாய்க்கிழமை, எனக்கு இரவு வேலை, அப்பாவுக்குக் காய்ச்சல். 2017 ஜனவரியில் சூரிக்கில் ஃபயிஸ் விருது வாங்கினார். அதே ஆண்டு முடிவதற்குள் எங்கள் அணி சூப்பர் லீக்கின் கடைசி இடத்தில் முடித்து, கீழ் லீக்குக்கு இறங்கிவிட்டது. இதற்கு மேலும் ஒரு சோதனையைச் சொல்லக்கூடிய ஊர் உண்டா?

செந்தூல் பட்டறை (கோலாலம்பூர்):

தம்பி, உங்கள் தந்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆனால் வழக்கைப் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள். பினாங்கு 1998இலும் 2001இலும் லீக்கை வென்றது, 2002இல் எஃப்.ஏ. கிண்ணமும் கிடைத்தது. இவற்றை வசதியாக விட்டுவிட்டு ஒப்பாரியை மட்டும் எடுத்து வந்தால் எப்படி?

என் வாக்கு கோலாலம்பூருக்கு. உடனே 1987, 1988, 1989 என்று விரல்விட்டு எண்ணாதீர்கள். மூன்று ஆண்டும் மலேசியக் கிண்ணம் எங்களுடையதுதான். மூன்று முறையும் இறுதியில் எங்களிடம் தோற்றது கெடா. கெடாவின் தலைநகர் அலோர் ஸ்டாரிலிருந்து எவரேனும் இந்தப் பக்கம் வந்தால் அவருக்குத் தனியாக ஒரு நாற்காலி போட நான் தயார். அதன்பின் எங்களுக்கு அடுத்த மலேசியக் கிண்ணம் வர 2021 நவம்பர்வரை, முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. மறு ஆண்டே ஏ.எஃப்.சி. கிண்ண இறுதியாட்டம்வரை போய், சொந்த ஊரிலேயே, புக்கிட் ஜாலில் அரங்கில், ஓமானின் அல்-சீப் அணியிடம் 0-3 என்று வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

ஆனால் நான் கோலாலம்பூரைச் சொல்வது அதற்காக அல்ல. தேசிய அணி எதுவானாலும், அது கவிழ்வதற்கு எங்கள் ஊரைத்தான் தேர்ந்தெடுக்கிறது. நீங்கள் நாட்டைச் சொல்லக்கூடாது என்றீர்கள். நாடு தோற்கும்போது அரங்கத்திலிருந்து வீடுவரை நடந்து வருபவர்கள் நாங்கள்தானே?

1975இல் உலகக் கிண்ண ஹாக்கி கோலாலம்பூரில் நடந்தபோது எனக்குப் பதினான்கு வயது. செந்தூல் ரயில்வே பட்டறைக்குப் பக்கத்துக் குடியிருப்பில் இருந்தோம். எங்கள் வரிசையில் இருந்த எல்லோரும் ஒரே வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அரையிறுதியில் மலேசியாவும் இந்தியாவும். 2-1 என்று மலேசியா முன்னணியில் இருக்கிறது. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம்கூட இல்லை. இந்தியாவுக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைக்க, அஸ்லம் ஷெர் கான் என்ற இளைஞர் அதை உள்ளே தள்ளிவிட்டார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடித்த கோலோடு 3-2. இந்தியா இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை வென்று உலகக் கிண்ணத்தோடு ஊர் திரும்பியது. மலேசியாவுக்கு நான்காவது இடம். இன்றுவரை உலகக் கிண்ண ஹாக்கியில் நாம் தொட்ட உச்சம் அதுதான்.

தோல்வியைவிட எனக்கு நினைவிருப்பது என் தாத்தாவின் முகம். அவர் புதுக்கோட்டைப் பக்கம் பிறந்து, கப்பலேறி வந்து, தண்டவாளத்தில் உழைத்து ஓய்ந்தவர். அவர் பெற்ற பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கேயே பிறந்தவர்கள். அந்த மூன்றாவது கோல் விழுந்தபோது அவர் கை தன்னையறியாமல் தொடையைத் தட்டிவிட்டது. நாங்கள் அனைவரும் திரும்பிப் பார்த்தோம். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வெளியே போய், இருட்டில், வேலியோரம் நெடுநேரம் நின்றார். எந்த அணி வென்றாலும் ஒரு பக்கம் வலிக்கத்தான் செய்திருக்கும் அவருக்கு. இப்படி ஒரு தோல்வி பினாங்குக்காரர்களுக்கும் இருந்திருக்கலாம். எங்களுக்கு அது வீட்டு வாசலில் நடந்தது.

1980இல் மெர்டேக்கா அரங்கில் காற்பந்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றோம். ஸ்பைடர்மேன் என்று ஊரே கொண்டாடிய ஆர். ஆறுமுகம் கோல் காவலர். சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. நம் இடத்தில் ஈராக் ஆடியது. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் இறந்துபோனார். தோற்று இழந்தால் யாரையாவது திட்டலாம், வென்று இழந்ததற்கு யாரைத் திட்டுவது?

2014 டிசம்பரில் புக்கிட் ஜாலில், ஆசியான் காற்பந்துக் கிண்ணத்தின் இரண்டு ஆட்ட இறுதி. முதல் ஆட்டத்தில் பேங்காக்கில் 0-2 என்று தோற்று வந்தவர்கள், இங்கே தாய்லாந்துக்கு எதிராக 3-0 என்று முன்னேறிவிட்டார்கள். மொத்தக் கணக்கில் நாம் முன்னால். இன்னும் எட்டு நிமிடம் தாக்குப்பிடித்தால் ஆசியான் கிண்ணம் நமக்கு. 82ஆம் நிமிடத்தில் ஒன்று, 87ஆம் நிமிடத்தில் இன்னொன்று. அன்றிரவு எல்.ஆர்.டி. ரயிலில் நிற்க இடமில்லாத கூட்டம் இருந்தும், அடுத்த நிலையத்தின் பெயரைச் சொல்லும் அறிவிப்பைத் தவிர வேறு சத்தம் இல்லை. மஸ்ஜித் ஜாமேக் வரும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

புக்கிட் அடிவாரம் (புக்கிட் மெர்தாஜாம்):

அண்ணன் இருவரும் காற்பந்தையும் ஹாக்கியையும் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். பினாங்கின் மறுகரையில் இருக்கும் எங்கள் ஊரை மறந்துவிட்டீர்கள். பூப்பந்து வீரர் லீ சோங் வெய் பிறந்தது பாகான் செராயாக இருக்கலாம். வளர்ந்ததும் மட்டையைப் பிடித்ததும் புக்கிட் மெர்தாஜாமில்தான். எனவே அவருடைய வெள்ளிப் பதக்கங்களில் எங்களுக்கும் பங்கு உண்டு, அவருடைய தோல்விகளில் அதைவிட அதிகம்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியில் சீனாவின் லின் டானிடம் 12-21, 8-21 என்று தோற்றதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது சுத்தமான தோல்வி, படுத்துத் தூங்கிவிட்டோம். நோகடித்தது 2011 ஆகஸ்டு. லண்டன் வெம்ப்ளி அரங்கில் உலக வெற்றியாளர் போட்டியின் இறுதி. மூன்றாவது செட்டில் ஆட்டத்தை முடிக்கும் புள்ளி சோங் வெய்யின் கையில் இருந்தது. அங்கிருந்து 21-23 என்று நழுவியது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து அதே வெம்ப்ளி அரங்கில், அதே லின் டானுக்கு எதிராக, ஒலிம்பிக் இறுதி. முதல் செட் 21-15 என்று நம்முடையது; மூன்றாவது செட் 19-21.

அன்று ஞாயிற்றுக்கிழமை, நோன்பு மாதம். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஆட்டத்தைப் பார்ப்பதற்காக ஒரு வீட்டின் வாசலில் தொலைக்காட்சியை எடுத்து வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து வடை, எதிர்வீட்டுச் சீனக் குடும்பத்திலிருந்து ஆரஞ்சுப் பழம், மூலைவீட்டு மலாய் அம்மா, மக்சிக், நோன்பு துறந்த கையோடு கொண்டு வந்த ஒரு தட்டு குவே பலகாரம். கடைசிப் பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததும் சோங் வெய் தரையில் சரிந்தார். எதிர்வீட்டுத் தாத்தா சீன மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே தொலைக்காட்சியின் மின்கம்பியைப் பிடுங்கினார். வடையை யாரும் தொடவில்லை. மறுநாள் காலை அதை மோர்க்குழம்பில் போட்டேன்.

2016 ரியோவில் அரையிறுதியில் லின் டானை ஒருவழியாக வென்றார், மூன்றாவது செட் 22-20. பழி தீர்ந்தது என்று ஊரே துள்ளியது. அடுத்த நாள் இறுதியில் சென் லோங்கிடம் 18-21, 18-21. மூன்று ஒலிம்பிக், மூன்று இறுதி, மூன்று வெள்ளி. உலக வெற்றியாளர் பட்டமும் ஒருமுறைகூட அமையவில்லை. 2018இல் மூக்குப் புற்றுநோய், 2019இல் ஓய்வு.

இதோடு தீவுப்பகுதியில் பிறந்த நிக்கோல் டேவிட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்குவாஷில் எட்டு முறை உலக வெற்றியாளர். ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து உலகின் முதல்நிலை ஆட்டக்காரர். அவர் ஆடிய காலம் முழுவதும் ஸ்குவாஷ் ஒலிம்பிக்கில் இல்லை. ஒவ்வொரு முறையும் சேர்ப்பார்கள் என்று எதிர்பார்த்து ஏமாந்து, 2019இல் அவர் ஓய்வு பெற்ற பிறகு, 2028 லாஸ் ஏஞ்சலஸில் சேர்க்க முடிவு செய்தார்கள். ஒரே மாநிலத்தில், ஒரே காலத்தில், தங்கத்தின் விளிம்புவரை மூன்று முறை போய்த் திரும்பிய ஒருவரும், போகவே வழியில்லாத ஒருவரும். கிராமட் அண்ணன் பினாங்குக்கு வாக்குக் கேட்டால் காலி இருக்கைகளை விட்டுவிட்டு இதைச் சொல்லியிருக்கலாம்.

கிளானா ஜெயா வாசி (பெட்டாலிங் ஜெயா):

மூன்று பதிவுகளையும் படித்தேன். வடை மோர்க்குழம்புக்குப் போன இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டேன். இருந்தாலும் நீங்கள் சொல்வதெல்லாம் தோல்விகளே. தோற்பதற்கும் ஓர் அணி வேண்டும் அல்லவா? அணியே பெட்டி கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டால் என்ன செய்வீர்கள்?

நான் தொண்ணூறுகளில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பொறியியல் படித்தேன். அங்கே விளையாட்டு அணி என்பது மாநிலத்தின் சொத்தோ சங்கத்தின் சொத்தோ அல்ல. ஒரு முதலாளியின் சொத்து. வேறொரு நகரம் அவருக்குப் புது அரங்கம் கட்டித் தருவதாகச் சொன்னால் அவர் அணியைத் தூக்கிக்கொண்டு போகலாம். 1995 நவம்பரில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்ற அமெரிக்கக் காற்பந்து அணியின் முதலாளி, ஆட்டப் பருவம் பாதியில் இருக்கும்போதே, அணி பால்டிமோருக்குப் போகிறது என்று அறிவித்தார். நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர் எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தம் தந்தையோடு சிறுவயதிலிருந்து அந்த அணியைப் பார்த்து வளர்ந்தவர். டிசம்பரில் சொந்த அரங்கில் நடந்த கடைசி ஆட்டத்திற்கு ரம்பத்தோடு போனார். அவர் மட்டுமல்ல, பலரும் அப்படித்தான் வந்திருந்தார்கள். தாங்கள் உட்கார்ந்த பெஞ்சுப் பலகையை அறுத்து வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். பச்சை வண்ணம் உரிந்த அந்தப் பலகையை அவர் வாகனக் கொட்டகையில் சாய்த்து வைத்திருந்தார். எழுத்தாணியால் கீறியதுபோல் அதில் யாரோ தம் காதலியின் பெயரைச் செதுக்கியிருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அன்று பிரவுன்ஸ் வென்றுவிட்டது.

பால்டிமோருக்குப் போன அந்த அணி ஐந்தே பருவங்களில் அந்த விளையாட்டின் உச்சப் பட்டமான சூப்பர் போல் கிண்ணத்தை வென்றது. கிளீவ்லாந்துக்கு 1999இல் அதே பெயரில் புது அணி கொடுத்தார்கள். அந்தப் புது அணி 2017 பருவத்தில் பதினாறு ஆட்டங்கள் ஆடிப் பதினாறிலும் தோற்றது. ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கொட்டும் குளிரில் அரங்கத்தைச் சுற்றி ஓர் ஊர்வலம் போனார்கள், குறையே இல்லாத பருவம் என்று கொண்டாடி.

ஆனால் என் வாக்கு கிளீவ்லாந்துக்கும் இல்லை. 1964க்குப் பிறகு எந்தப் பெரிய லீக்கிலும் பட்டமே காணாத அந்த ஊருக்கு 2016இல் கூடைப்பந்து அணி 1-3 என்று பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு பட்டத்தைக் கொண்டு வந்துவிட்டது. பசித்தவனுக்கு ஒருவேளைச் சோறாவது கிடைத்தது. சோறே கிடைக்காத ஊர், அதே ஏரிக்கரையில் மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் பஃபலோ.

பஃபலோ பில்ஸ் அணி தொடர்ந்து நான்கு ஆண்டுகள் சூப்பர் போல் இறுதியாட்டத்திற்குப் போனது. வேறெந்த அணியும் அப்படித் தொடர்ந்து நான்கு முறை போனதில்லை. நான்கிலும் தோற்றது. முதலாவது 1991 ஜனவரியில்: 19-20 என்று ஒரு புள்ளி பின்னால், எட்டு விநாடிகள் மிச்சம், ஸ்காட் நோர்வூட் என்பவர் 47 கெஜத் தொலைவிலிருந்து பந்தை இரு கம்பங்களுக்கு நடுவே உதைக்க வேண்டும். பந்து வலப்பக்கக் கம்பத்திற்கு வெளியே போய்விட்டது. மறுநாள் நகர மண்டபத்தின் முன்னால் பெருங்கூட்டம் திரண்டது. திட்டுவதற்கு என்றுதான் எவரும் நினைப்பார்கள். அந்தக் கூட்டம் நோர்வூட்டைக் கூப்பிடச் சொல்லிக் குரல் கொடுத்தது. அவர் கண்கலங்கிப் பேசும்வரை கைதட்டியது. இப்படிப்பட்ட ரசிகர்களுக்கு அடுத்த மூன்று ஆண்டுகளும் அதே முடிவு என்றால் அதைவிடக் கொடுமை எங்கே இருக்கிறது?

பிரிக்பீல்ட்ஸ் மேம்பாலம் (கோலாலம்பூர்):

கிரிக்கெட் பேச ஆளில்லாததால் குறுக்கிடுகிறேன். கிளானா ஜெயா நண்பரின் கணக்கில் பார்த்தால் பெங்களூருவும் பட்டியலில் வந்திருக்கும். 2008இல் ஐ.பி.எல். தொடங்கியதிலிருந்து ஆடி, 2009, 2011, 2016 என்று மூன்று இறுதியாட்டங்களில் தோற்று, இந்த ஆண்டு கிண்ணம் நமதே என்று ஒவ்வோர் ஆண்டும் தாங்களே சொல்லி, மற்றவர்கள் அதையே கேலிப்பாட்டாக மாற்றிவிட்ட ரசிகர்கள் அவர்கள். 2025 ஜூன் 3ஆம் தேதி பஞ்சாபை ஆறு ஓட்டங்களில் வென்று பதினெட்டாவது பருவத்தில் கிண்ணத்தைத் தொட்டார்கள். மறுநாள் சின்னசாமி அரங்கின் வாயில்களில் கூட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். தோல்விக் கதைகளுக்குப் பழகிய நாம் வெற்றியைப் பற்றி இப்படி ஒன்றைக் கேட்க நேரும் என்று நினைக்கவில்லை. இதை உங்கள் போட்டியில் சேர்க்க எனக்கு மனமில்லை. ஆனால் சொல்லாமல் விடவும் முடியவில்லை.

சென்னையைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து ஐ.பி.எல். கிண்ணம் வாங்கிய ஊர் அழக்கூடாது. என்றாலும் 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 271 ஓட்டங்களைத் துரத்தி, முதுகுவலியோடு சச்சின் 136 அடித்து, அவர் ஆட்டமிழந்தபோது 17 ஓட்டங்களே தேவைப்பட்டு, மீதி விக்கெட்டுகள் நான்கு ஓட்டங்களுக்குள் சரிந்து, 12 ஓட்டங்களில் தோற்றதைப் பார்த்தவர்கள் அந்த மக்கள். சிறிது நேரம் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தவர்கள், பிறகு எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டினார்கள். பஃபலோவின் கைதட்டலைப் பற்றிப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

செந்தூல் பட்டறை (கோலாலம்பூர்):

சென்னை என்றதும் எனக்கும் ஒன்று. 2023 ஆகஸ்டில் உறவுக்காரர் திருமணத்திற்காகச் சென்னை போயிருந்தபோது, எழும்பூர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய வெற்றியாளர் கிண்ண ஹாக்கி இறுதி. மலேசியாவும் இந்தியாவும். மஞ்சள் சட்டையைத் திருமணப் பெட்டிக்குள் மறைத்து எடுத்துப் போயிருந்தேன். இடைவேளையின்போது 3-1 என்று நாம் முன்னணியில். என்னைச் சுற்றி அத்தனை பேரும் தமிழில் பேசுகிறார்கள், அத்தனை பேரும் எனக்கு எதிரணி. மூன்றாம் கால்பகுதி முடியும் தறுவாயில் அடுத்தடுத்து இரண்டு கோல், கடைசிக் கால்பகுதியில் ஆகாஷ்தீப் சிங் இன்னொன்று. 3-4. பக்கத்தில் இருந்த பெரியவர் என் சட்டையைப் பார்த்துவிட்டு, பையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினார். 1975இல் என் தாத்தாவின் கை தொடையைத் தட்டியது எப்படி என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. முறுக்கு நன்றாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கிராமட் முனை (ஜோர்ஜ்டவுன்):

அனைவருக்கும் நன்றி. இந்தப் பதிவுகளையெல்லாம் நேற்று மாலை அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். சோங் வெய் பகுதி வந்தபோது தலையை மட்டும் ஆட்டினார். பெஞ்சுப் பலகையை அறுத்துக்கொண்டு போன கதையை மட்டும் இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். முடிவில், உங்கள் வாக்கு எந்த ஊருக்கு என்று கேட்டேன். பினாங்கு என்பார் என்றே நினைத்தேன்.

சிங்கப்பூர் என்றார்.

1977க்காக ஐம்பது ஆண்டுகளாகச் சிங்கப்பூரைத் திட்டிக்கொண்டிருப்பவர் அவர். அவர் சொன்ன காரணம் இது. 1994இல் சிங்கப்பூர் மலேசிய லீக்கையும் வென்றது, இறுதியாட்டத்தில் பஹாங்கை 4-0 என்று வீழ்த்தி மலேசியக் கிண்ணத்தையும் வென்றது. ஜொகூர் பாலத்தைக் கடந்து பேருந்து பேருந்தாக வந்து ஷா ஆலம் அரங்கை நிறைத்த கூட்டம் அது. அதன்பின் நுழைவுச்சீட்டு வருவாயில் பங்கு யாருக்கு எவ்வளவு என்று இரண்டு சங்கங்களுக்கும் தகராறு வந்து, சிங்கப்பூர் விலகிக்கொண்டது. அடுத்த ஆண்டு கிண்ணத்தைக் காத்துக்கொள்ள அவர்களுக்கு அணியே இல்லை. 2012இல் வேறு பெயரில் திரும்பி வந்தார்கள். நான்கு ஆண்டுகளில் அதுவும் முடிந்தது. நாம் தோற்றோம், அடுத்த வாரம் மறுபடி போனோம்; அவர்கள் வென்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார்கள் என்றார் அப்பா. அவர் சொன்னபிறகு கடைநண்பர்களிடம் நான் வைத்த வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன், காலி இருக்கைகளைத் தவிர.

புக்கிட் அடிவாரம் சகோதரிக்கு: அடுத்த சொந்த அரங்க ஆட்டத்திற்கு நீங்கள் பாலம் கடந்து வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அப்பா மூன்றாவது தாள் எடுத்து வைக்க வேண்டும்.

கிளானா ஜெயா நண்பருக்கு அப்பாவிடமிருந்து ஒரு கேள்வி. பஃபலோவில் பந்தைக் கம்பத்துக்கு வெளியே உதைத்தாரே, அவரை அதன்பிறகு அணியில் வைத்துக்கொண்டார்களா, துரத்திவிட்டார்களா?

கிளானா ஜெயா வாசி (பெட்டாலிங் ஜெயா):

ஐயாவிடம் சொல்லுங்கள்: அடுத்த பருவமும் அவரையே வைத்துக்கொண்டார்கள். அந்தப் பருவத்திலும் அணி இறுதியாட்டத்திற்குப் போனது. வாஷிங்டனிடம் 24-37 என்று தோற்றது. இம்முறை அவர் மேல் பழி இல்லை. பதின்மூன்று புள்ளி இடைவெளி.